தண்ணீரைச் சுத்தம் செய்வது யார் வேலை?

(வீராம்பட்டினத்தில் இளைஞர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். என் முனைவர் பட்ட ஆய்வு அதைப் பற்றியதுதான். ஆனால் அந்தத் தலைப்பில் ஒரு சொல்லோடு எனக்கு வழக்கு இருக்கிறது. ‘சுத்தம் செய்யும்’ என்ற சொல். முதலில் அந்த வழக்கை முடித்துவிட்டு அறிவியலுக்குப் போகிறேன்.

பள்ளிக்கூடத்தில் காக்கையை ‘ஆகாயத் தோட்டி’ என்று படித்திருப்போம். காக்கை யாருக்கும் தோட்டி வேலை பார்க்கவில்லை. அதற்குப் பசிக்கிறது, தின்கிறது. பிணந்தின்னிக் கழுகும் அப்படித்தான், பாக்டீரியாவும் அப்படித்தான். அழுகியதை எது தின்றாலும் நம் மொழி அவசரமாக ஓடிப்போய் அதன் தலையில் ஒரு சாதித் தொழிலைக் கட்டிவிடுகிறது. ‘இயற்கையின் துப்புரவாளர்கள்’ என்று எங்கள் துறையிலேயே மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது: ஒருவர் அழுக்குச் செய்வார், அதை எடுப்பதற்கென்றே இன்னொரு பிறவி இருக்கும், அதுதான் இயற்கை. இந்த எண்ணத்தை ஊரில் எதிர்த்துவிட்டு ஆய்வுக்கூடத்தில் ஏற்றுக்கொள்ள முடியாது.

சரி, பாக்டீரியா உண்மையில் என்னதான் செய்கிறது? மூச்சு விடுகிறது.

நாம் சோற்றைத் தின்கிறோம், ஆக்சிஜனை இழுக்கிறோம். சோற்றிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கின்றன. நடுவில் கிடைக்கும் ஆற்றலில்தான் நான் இங்கே நின்று பேசுகிறேன். நமக்கு ஆக்சிஜன் இல்லாவிட்டால் வேறு வழியில்லை. மண்ணுக்கடியில், தண்ணீர் தேங்கிய மணலுக்குள் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதற்காகச் செத்துப்போவதில்லை. நைட்ரேட் இருந்தால் அதனிடம் எலக்ட்ரானைக் கொடுக்கும். அது தீர்ந்தால் மாங்கனீசு, பிறகு இரும்பு, பிறகு சல்பேட். இந்த வரிசை ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்ற கணக்கில் வருவது.

இந்த மூச்சைப் பற்றி உங்கள் ஊரில் நின்று பேசுவதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் பக்கத்து அரிக்கமேட்டில் தோண்டியபோது செங்கல் தொட்டிகளைக் கண்டு, துணிக்குச் சாயம் போட்ட தொட்டிகளாக இருக்கும் என்று எழுதினார். அவருக்குப் பின் வந்த பிரெஞ்சுக்காரர் கசால் 1949-ல் வெளியிட்ட அகழாய்வு நூலின் தலைப்பிலேயே ‘வீராம்பட்டினம்–அரிக்கமேடு’ என்று உங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது. அவை சாயத் தொட்டிகள்தானா என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சண்டை அவர்களோடு போகட்டும். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரியிலிருந்து ‘கினே’ என்ற அவுரி நீலத் துணி கப்பல் கப்பலாகச் செனகலுக்குப் போனதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த நீலத்தைத் துணியில் ஏற்றுவது பாக்டீரியாவின் மூச்சு. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. அதைச் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தொட்டியில் ஊறவிடுவார்கள். விதையைத் தின்னும் பாக்டீரியாக்கள், ஆக்சிஜன் இல்லாத அந்தத் தொட்டிக்குள், நீலத்திடம் எலக்ட்ரானைக் கொடுக்கும். நீலம் மஞ்சள் பச்சையாகி, கரைந்து, நூலுக்குள் இறங்கும். துணியை வெளியே எடுத்து உதறினால் காற்று பட்டு மறுபடி நீலம். பாக்டீரியா என்ற பெயரே தெரியாத காலத்தில் சாயக்காரர்கள் கைவிரலாலும் மூக்காலும் இந்த வேதியியலை நடத்தினார்கள். இந்த அறிவுக்கு யாரும் முனைவர் பட்டம் கொடுக்கவில்லை.

நான் குரோமியத்தில் பார்ப்பதும் இதே மூச்சுதான். தோல் பதனிடக் குரோமிய உப்பு வேண்டும். அந்த உப்புகளைச் செய்ய ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை இருந்தது. 1995-ல் மூடப்பட்டது. மூடும்போது தன் வளாகத்திலேயே ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவை மலைபோல் விட்டுவிட்டுப் போனது. மழை பெய்யும்போதெல்லாம் அந்தக் குவியலிலிருந்து ஆறு இணைதிறன் குரோமியம் மண்ணுக்குள் இறங்கியது. அது மஞ்சள் நிறம், தண்ணீரில் எளிதாகக் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அங்கே பூமிக்கடியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மஞ்சளாகவே தண்ணீர் வந்தது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலை வெளியிட்டபோது அதில் ராணிப்பேட்டையும் இருந்தது.

அந்த மண்ணிலேயே அந்தக் குரோமியத்தோடு வாழப் பழகிய பாக்டீரியாக்கள் இருக்கின்றன. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் அவற்றைப் பிரித்தெடுத்து, ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றிக் காட்டி 2005-லேயே கட்டுரை வெளியிட்டார்கள். பாக்டீரியாவுக்குத் தீனியாகச் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகைக் கொடுத்தாலே போதும். மூன்று இணைதிறன் குரோமியம் அவ்வளவாகக் கரையாது, மண்ணோடு படிந்துவிடும், நச்சும் குறைவு. ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். டைஃபீனைல் கார்பசைடு என்ற மருந்தை ஊற்றினால் கெட்ட குரோமியம் இருக்கும் நீர் கத்தரிப்பூ நிறமாகும். பாக்டீரியா வளர வளர அந்த நிறம் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போகும். முதல் தடவை பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள்.

கைதட்டி முடித்ததும் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். குரோமியம் எங்கும் போகவில்லை. பாக்டீரியாவால் ஒரு தனிமத்தை அழிக்க முடியாது, அதன் வடிவத்தைத்தான் மாற்ற முடியும். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் அது மூன்றை மறுபடி ஆறாக்கவும் கூடும். அதனால் அந்த இடத்தை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும். கண்காணிப்பதற்குக் காசு வேண்டும், ஆள் வேண்டும்.

பெட்ரோல் கதை வேறு. 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தது நினைவிருக்கலாம். பென்சீன் போன்றவற்றைப் பாக்டீரியாக்கள் உண்மையாகவே உடைத்து, கரியமில வாயுவும் தண்ணீரும் ஆக்கிவிடும். உலர்சலவைக்கும் இயந்திரத்தைக் கழுவுவதற்கும் பயன்படும் குளோரின் கரைப்பான்களை உடைக்க டீஹாலோகாக்காய்டீஸ் என்று ஒன்று இருக்கிறது. அது அந்த மண்ணில் இல்லாவிட்டால் வேலை பாதியில் நின்று, முதலில் இருந்ததைவிட மோசமான வினைல் குளோரைடு மிஞ்சும். ஆகவே பாக்கெட்டில் கிருமிப் பொடி கொண்டுவந்து, ஏரியில் கொட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கிறவர்களை நம்பாதீர்கள். எண்ணெய் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கி, 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்க் காப்புரிமை வாங்கினார் கொல்கத்தாவில் படித்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. உயிருள்ள ஒன்றுக்கு ஒருவர் காப்புரிமை கொண்டாடலாம் என்று அந்த வழக்கில் தீர்ப்பானது. 1989-ல் அலாஸ்காவில் எக்சான் வால்டிஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது கடற்கரையில் நடந்தது இதைவிட எளிமையானது. அங்கேயே இருந்த பாக்டீரியாக்களுக்கு உரம் போட்டார்கள்.

இப்போது பாலாற்றுக்கு வருகிறேன். தோல் கழிவால் அங்கே கிணறுகள் கெட்டதற்குக் குரோமியத்தைவிடப் பெரிய காரணம் உப்பு. தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். ஊறவைத்துக் கழுவினால் அத்தனையும் தண்ணீரோடு போகிறது. உப்பில் வாழும் பாக்டீரியாக்கள் நிறைய உண்டு. உப்பைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா ஒன்றுகூட இல்லை. கடலோரத்தில் இருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நிலத்தடியிலிருந்து அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல் உள்ளே வரும். வந்த உப்பை எந்தக் கிருமியும் திருப்பி அனுப்பாது. என் துறையின் எல்லை இது. இதைச் சொல்லாமல் நுண்ணுயிர்ப் புகழ் பாடினால், கழிவைக் கொட்டியவருக்கு நான் வக்கீல் வேலை பார்க்கிறேன் என்று பொருள்.

1996 ஆகஸ்டு 28-ல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டம் என்று அறிவித்ததே அந்தத் தீர்ப்பில்தான். சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் பாடமாக நடத்துகிறார்கள். அதே பாலாற்றுத் தோல் கழிவுக்காக 2025 ஜனவரி 30-ல், அதாவது 28 ஆண்டு கழித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுங்கள் என்று அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவே, 2015 ஜனவரி கடைசி நாளில், ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அவர்களில் 9 பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கவனியுங்கள், அவர்களைக் கொன்றது சுத்திகரிப்பு நிலையம். சுத்தம் செய்வதற்காகக் கட்டிய தொட்டி.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். கெட்டுப்போன நிலத்துக்கு ஏக்கர் கணக்கில் இழப்பீடு போட்டால் அது நிலம் வைத்திருப்பவருக்குப் போகும். அந்த நிலத்தில் கூலிக்கு இறங்கி, அதே கிணற்றில் குடித்த நிலமற்றவருக்கு எந்தக் கணக்கில் வரும்? நிலம் யார் கையில் இருக்கிறது, தோல் ஆலையில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி நிற்பது யார் என்பது வடாற்காட்டில் யாருக்கும் தெரியாத ரகசியமில்லை.

பாக்டீரியாவின் மூச்சுக்கு இன்னொரு முகம் உண்டு. அது புதுச்சேரிக்குள்ளேயே நடந்தது. சல்பேட்டை வைத்து மூச்சு விடும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியிடும். நிலத்தடி நீரில் இது நல்லது. காரீயம், துத்தநாகம், காட்மியம் போன்ற உலோகங்களைப் பிடித்துக் கரையாத சல்ஃபைடாக்கிவிடும். இதை நம்பியே எத்தனையோ சுத்திகரிப்பு முறைகள் இருக்கின்றன. அதே வாயு மூடிய சாக்கடைக்குள் சேர்ந்தால் இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும். 2024 ஜூன் 11-ல் ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையிலிருந்து வீட்டுக் கழிவறை வழியாக நச்சு வாயு ஏறி, ஒரு சிறுமி உட்பட மூன்று பேர் இறந்தார்கள். ஊரே அதிர்ந்தது, அதிர வேண்டியதுதான். ஆனால் அந்த வாயு அன்றைக்குப் புதிதாகப் பிறந்ததல்ல. அது இத்தனை காலமும் இருந்தது, இறங்கியவர்களைக் கொன்றது, மூடியைப் போட்டு மூடினோம். வீட்டுக்குள் வந்தபோதுதான் பெயர் கேட்டோம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறுகிறது, ஆள் இறங்குவதும் நிற்கவில்லை.

மாசு, தீட்டு என்று நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. மாசுக்கு அளவு உண்டு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்லலாம். அது எங்கிருந்து வந்தது என்று குழாயைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு முகவரி கிடைக்கும். தீட்டுக்கு அலகு கிடையாது. எந்தக் கருவியும் காட்டாது. அதற்கு முகவரியாகச் சொல்லப்படுவது ஒரு மனிதரின் பிறப்பு. முகவரி உள்ளதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, அலகே இல்லாததற்காக ஊரைப் பிரித்து வைத்திருக்கிற சமூகம் இது.

1927 மார்ச் 20-ல் மகத் நகரில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று சொல்லிச் சாதி இந்துக்கள் அதைச் ‘சுத்தம்’ செய்தார்கள். எப்படி? பால், தயிர், மாட்டுச் சாணம், கோமியம் கலந்து 108 பானைகளில் மந்திரம் ஓதிக் குளத்தில் இறக்கினார்கள். நுண்ணுயிரியல் படித்தவளாக இதை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும், உடனே கோபம் வரும். குடிநீர் கெட்டிருக்கிறதா என்று பார்க்க உலகம் முழுக்க நாங்கள் தேடுவது ஈ.கோலை பாக்டீரியாவை. அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மாட்டுச் சாணத்தில் அது நிறைந்து கிடக்கிறது. மனிதர்கள் குடித்ததால் கெடாத தண்ணீரைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி, மலக் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

2022 டிசம்பரில் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் தெரிந்தது. பிறகு அந்த மக்களையே மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரைக் குற்றவாளிகள் என்றது. அந்த மக்களும் தலித் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. அறிவியல் நடுநிலையானது என்று சொல்கிறார்கள். சோதனைக் குழாய் நடுநிலையாக இருக்கலாம். யாருடைய இரத்தத்தை முதலில் எடுப்பது என்று முடிவு செய்கிற கை நடுநிலையாக இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், எனக்கும் சேர்த்து. பாக்டீரியாக்கள் இனம் பார்க்காமல் ஒன்றுக்கொன்று மரபணுவைக் கொடுத்துக்கொள்ளும். குரோமியத்தைத் தாங்கும் மரபணுவே அப்படிக் கைமாறுகிற பிளாஸ்மிட்களில் இருக்கிறது. அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916-ல் கொலம்பியாவில் படித்த கட்டுரையில் சொன்னார். உடனே, ‘பாருங்கள், பாக்டீரியாவுக்கு அகமணம் கிடையாது’ என்று முழங்க நாக்கு துறுதுறுக்கிறது. வேண்டாம். இயற்கையைக் காட்டி நியாயம் பேசுவது அவர்கள் வழி. பாக்டீரியா எப்படி வாழ்ந்தாலும் நமக்குச் சமத்துவம் வேண்டும். அதற்குக் கிருமியின் சாட்சி தேவையில்லை.

வாலாஜா பக்கம் ஓர் ஊரில் கைப்பம்பில் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா கேட்டார், “எங்க தண்ணிய எடுத்துட்டுப் போறவங்க நெறைய பேரு. முடிவச் சொல்ல யாரும் திரும்பி வர்றதில்லையே?” அடுத்த முறை போனபோது முடிவுகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, “சரிம்மா, இப்ப எந்தத் தண்ணிய குடிக்கிறது?” என்றார். என் ஆய்வேட்டில் அதற்கு அத்தியாயம் இல்லை. அது ஊராட்சியும் அரசும் ஆலையும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஆனால் அந்தத் தாள் கையில் இருந்தால்தான் கேள்வியை அவர்களிடம் கொண்டுபோக முடியும்.

அதனால் பேச்சோடு நிறுத்தாமல் கொஞ்சம் வேலையும் கொண்டுவந்திருக்கிறேன். மேசையில் சின்னச் சின்னப் பாட்டில்கள் இருக்கின்றன. உள்ளே மருந்து தோய்த்த காகிதம். இந்தச் சோதனையை 1982-ல் நம் நாட்டு ஆய்வாளர்கள்தான் உருவாக்கினார்கள், இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கையைக் கழுவிக்கொண்டு, உள்பக்கம் விரல் படாமல், கோடு வரை தண்ணீரைப் பிடித்து மூடி, வீட்டிலேயே ஒன்றிரண்டு நாள் வைத்திருங்கள். தண்ணீர் கறுத்தால் கழிவுநீர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கறுப்பாக்குவது, நான் சொன்னேனே, அதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். இங்கே அதை உண்டாக்குவது குடலில் வாழும் வேறு பாக்டீரியாக்கள். குரோமியமோ உப்போ நைட்ரேட்டோ இருந்தால் இந்தப் பாட்டில் காட்டாது, அதற்குத் தனியாகச் சோதிக்க வேண்டும். உப்பைப் பார்க்க ஒரு மீட்டர் வைத்திருக்கிறேன்.

ஒரே தெருவில் பத்துப் பாட்டில் பிடிக்காதீர்கள். ஊர்க் குழாய், காலனிக் குழாய், கடலோர வீடு, ஆற்றோர வீடு, பள்ளிக்கூடம், ரேஷன் கடைப் பக்கத்துப் பம்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் இடத்தையும் தேதியையும் எழுதுங்கள், வீட்டுக்காரர் பெயர் வேண்டாம். கறுத்த பாட்டிலைத் தூக்கி எறியாமல் தனியாக வையுங்கள், பிளீச்சிங் பவுடர் போட்டுத்தான் கொட்ட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கேயே இருப்பேன். முடிவுகளை ஒரே தாளில் சேர்த்து எழுதி, எந்தெந்தக் குழாய்க்காக யாரிடம் மனுக் கொடுப்பது என்று உட்கார்ந்து முடிவு செய்வோம். இப்போது கேள்விகளைக் கேளுங்கள்.